கடல் அட்டையின் குடலில் கிடைத்த தடயம்: மாசு ஆழ்கடற்படிவை அடையும் வழி அறியப்பட்ட வரலாறு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கரைக்கு அப்பால், சுமார் 2,800 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்ட கடல் அட்டைகளில் சிர்கோனியம்-95 இருந்தது. சார்லஸ் ஆஸ்டர்பெர்க்கும் அவருடைய இரு சகாக்களும் 1963இல் 'நேச்சர்' இதழில் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு அதைப் பற்றியது. சிர்கோனியம்-95 அணுகுண்டு வெடிப்பில் பிறக்கும் கதிரியக்கப் பொருள். ஏறத்தாழ 64 நாளில் அதன் அளவு பாதியாகிவிடும். ஓராண்டு கழிந்தால் ஐம்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படிப்பட்ட பொருள் வானிலிருந்து கடலில் விழுந்து, இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேலாக இறங்கி, சேற்றைத் தின்று வாழும் ஒரு பிராணியின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ இறங்கியிருந்தால்தான் அது சாத்தியம்.

அன்றைய அறிவுக்கு இது பொருந்தவில்லை. ஒரு மைக்ரான் அளவுள்ள களிமண் துகள் அசையாத நீரில் தனியாக இறங்கினால், நான்கு கிலோமீட்டர் ஆழத்தைத் தொட நூறாண்டுக்கு மேலாகும். இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851இல் வகுத்த விதியைக் கொண்டு யாரும் போடக்கூடிய கணக்கு அது. கணக்கில் பிழை இல்லை. துகள் தனியாகத்தான் இறங்குகிறது என்ற எண்ணத்தில்தான் பிழை இருந்தது.

ஆழ்கடலுக்குச் செல்லும் பாதைகளை முதலில் அறிந்துகொண்டு, பிறகு அவற்றில் மாசு பயணிப்பதைக் கண்டோம் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது நேர்மாறு. மாசு முன்னால் போயிற்று. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு அறிவியல் பின்னால் போயிற்று. பாதை ஒவ்வொன்றும் நமக்குத் தெரியவந்தபோது, நாம் கொட்டிய ஏதோ ஒன்று ஏற்கெனவே அதில் இறங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு முன்பிருந்த எண்ணம் என்ன? 300 பாகத்துக்குக் கீழே உயிரே இல்லை என்று 1843இல் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் கருதினார். (நம் மீனவர்கள் இன்றும் ஆழம் சொல்லும் பாகம்தான், ஏறத்தாழ ஆறடி.) 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் அந்த எண்ணத்தை உடைத்தது. ஆனால் அதே பயணம் வேறொரு எண்ணத்தை உறுதிப்படுத்தவும் செய்தது. ஜான் மர்ரேயும் ரெனாரும் 1891இல் வெளியிட்ட ஆழ்கடற்படிவு அறிக்கையில் வரும் செங்களிமண், கற்பனைக்கெட்டாத மெதுவான வேகத்தில் சேர்வது. பெருங்கடலின் நடுப்பகுதிகளில் அது ஒரு மில்லிமீட்டர் உயர ஆயிரம் ஆண்டு வரை ஆகும். அங்கே நேற்று என்ற ஒன்றே கிடையாது, மேலே நடப்பது எதுவும் கீழே எட்டாது என்ற நம்பிக்கை இதிலிருந்து வளர்ந்தது. 1949 முதல் 1982 வரை வடகிழக்கு அட்லாண்டிக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கதிரியக்கக் கழிவு உருளைகளை ஐரோப்பிய நாடுகள் கடலில் இறக்கியதற்கு அந்த நம்பிக்கையே துணை நின்றது. ஆழம் என்பதைத் தொலைவு என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு காலத்தின் அறிவே அப்படி இருந்தது என்று சொல்லி இதைக் கடந்துவிட என்னால் முடியவில்லை. 1963க்குப் பிறகும் அந்த உருளைகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன.

செங்களிமண்ணின் இந்த மந்தகதியே ஆய்வாளர்களுக்கு ஒரு புதிரையும் வைத்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 1923இல் விற்பனைக்கு வந்தது. அந்த வேகத்தில் கணக்கிட்டால், அதற்குப் பிறகான படிவு முழுவதும் ஒரு தலைமுடியின் தடிமன்தான் இருக்க வேண்டும். அதைச் சுரண்டி எடுத்து அளப்பது நடக்கிற காரியமல்ல. ஆனால் 1987இல் வெரோன் குழுவினர் வடகிழக்கு அட்லாண்டிக்கின் ஆழ்கடற்படிவில் தொழில்யுக ஈயம் கலந்திருப்பதைக் காட்டினர். அது மேற்பரப்போடு நிற்காமல் படிவுக்குள்ளும் இறங்கியிருந்தது. புழுக்களும் கடல் அட்டைகளும் சேற்றைக் கிளறி, தின்று, கழித்து, மேலே விழுந்ததைக் கீழே புதைக்கின்றன. உழவன் எருவை மண்ணோடு புரட்டுவது போன்ற வேலைதான். கடலடி ஆவணக்காப்பகமன்று, உழுது கிடக்கும் வயல்.

சரி, துகளை விரைவாகக் கீழே கொண்டுசெல்வது எது? 1950களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுசுகியும் கட்டோவும் நீருக்கடியில் இறங்கும் கூண்டிலிருந்து பார்த்தபோது, விளக்கொளியில் வெண்ணிறத் திவலைகள் ஓயாமல் உதிர்வதைக் கண்டு அதற்குக் கடற்பனி என்று பெயரிட்டனர். இறந்த பாசி, மிதவையுயிரிகளின் எச்சம், அவை உதிர்த்த சட்டை, கழித்த சளி எல்லாம் ஒட்டிச் சேர்ந்த பிசின் துணுக்குகள் அவை. ஆஸ்டர்பெர்க் குழுவும் தங்கள் புதிருக்கு விடையாக எச்சத்தைத்தான் சுட்டியது. மேற்பரப்பில் மேயும் நுண்விலங்குகள் பாசியோடு குண்டுத் தூசையும் தின்று, இறுகிய சிறு உருண்டைகளாகக் கழிக்கின்றன. தனித் துகளுக்கு நூறாண்டு பிடிக்கும் தூரத்தை உருண்டை சில வாரங்களில் கடந்துவிடும்.

அன்று அது ஊகமாகவே இருந்தது. அதைச் சோதிக்கப் படிவுப் பொறி தேவைப்பட்டது: வாய் அகன்ற புனல், அடியில் குப்பிகள், நங்கூரமிட்ட கம்பிவடம். 1980இல் டாய்சரும் ராஸும் சர்காசோ கடலில் 3,200 மீட்டர் ஆழத்தில் வைத்த பொறி, மேற்பரப்பின் பருவமாற்றம் அங்கேயும் தெரிவதைக் காட்டியது. நமக்கு நெருக்கமான சான்று 1989இல் வந்தது. கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆர். ஆர். நாயரும் ஜெர்மன் ஆய்வாளர்களும் அரபிக் கடலில் பொறிகளை இறக்கி, பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆழத்தில் விழும் துகள் பெருகுவதைப் பதிவு செய்தனர். 1991இல் வேணுகோபாலன் இட்டெக்கோட் குழு வங்காள விரிகுடாவில் வேறொன்றைக் கண்டது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல், மெத்தென்ற பாசித் துணுக்குகளுக்குச் சுமை கூட்டி, இறக்கத்தை விரைவுபடுத்துகிறது. கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் வெள்ளம் வந்தால் விரிகுடாவின் அடித்தளத்துக்கும் அது தெரியும்.

இதற்கிடையே, யாரும் வேண்டாத ஒரு சோதனை தானாகவே நிகழ்ந்தது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபோது, கார்சிகா தீவுக்கு அருகே 200 மீட்டர் ஆழத்தில் ஒரு படிவுப் பொறி வேறு ஆய்வுக்காக ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் அங்கே கதிரியக்கத் தூசு விழுந்தது. சில நாள்களில் அதன் அலை பொறியின் குப்பிக்குள் வந்து சேர்ந்தது. ஸ்காட் ஃபவுலர் குழுவினர் அதே கடலில் துடுப்புக்காலிகள் எனும் நுண்விலங்குகளைப் பிடித்து அவற்றின் எச்சத்தையும் சோதித்தனர். பொறியில் விழுந்த அதே தனிமங்கள் அதிலும் இருந்தன. இருபத்துமூன்று ஆண்டு ஊகம் நிரூபணமாயிற்று.

அந்த ஆய்வில் இன்னொரு நுட்பமும் இருந்தது. சீரியம், சிர்கோனியம் போன்றவை துகளில் ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கின. சீசியமோ பெரும்பாலும் நீரில் கரைந்தே நின்றது. ஆகவே மாசின் ஆழப் பயணத்தைத் தீர்மானிப்பது எடை மட்டுமன்று, ஒட்டும் குணமும்தான். தண்ணீரை வெறுத்துக் கொழுப்பில் ஒட்டும் பிசிபி (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்) என்ற தொழிற்சாலை வேதிப்பொருள்களுக்கு இந்தக் குணம் மிகுதி.

மேலிருந்து விழுவது ஒரு வழி. சரிவில் உருண்டு வருவது இன்னொரு வழி. 1929 நவம்பர் 18இல் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலநடுக்கம் வந்த பிறகு, அட்லாண்டிக் தந்தி வடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 13 மணி நேரத்துக்கு மேல் அறுந்துகொண்டே போயின. சேறு கலந்த கனத்த நீர், வெள்ளம்போல் கடலடிச் சரிவில் பாய்ந்ததே காரணம் என்று 1952இல் ஹீசனும் யூயிங்கும் விளக்கினர். கரையோரச் சேற்றில் தங்கிய எதையும் ஓரிரு நாளில் ஆழ்சமவெளிக்குக் கொண்டுபோய்க் கொட்டக்கூடியது இந்தக் கலங்கல் நீரோட்டம். இலங்கைக்குக் கிழக்காகச் சென்று நிலநடுக்கோட்டையும் தாண்டும் 3,000 கிலோமீட்டர் வங்காள வண்டல் விசிறியை உருவாக்கியதும் இதுவே. பிசிபி தயாரிப்பு வணிகமாகத் தொடங்கியதும் அதே 1929இல்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனாலும் அந்த ஆண்டை எழுதும்போது கை சற்றே நிற்கிறது.

பிசிபியின் தடம் பெரும்பள்ளங்கள்வரை போயிற்று. மரியானா, கெர்மடெக் பள்ளங்களில் 7,000 முதல் 10,000 மீட்டர் ஆழத்தில் பிடித்த, இறாலுக்குத் தூரத்து உறவான ஆம்பிபாட் உயிரிகளை ஆலன் ஜேமிசன் குழுவினர் 2017இல் ஆராய்ந்தனர். மரியானாவில் இருந்தவற்றில் பிசிபியின் உச்ச அளவு, சீனாவில் மாசு மிகுந்த லியாவ் ஆற்று நீர் பாயும் வயல் நண்டுகளில் உள்ளதைப் போல 50 மடங்கு. அமெரிக்கா பிசிபியைத் தடைசெய்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளம் ஆங்கில 'வி' வடிவம் கொண்டது. இருபக்கச் சரிவிலிருந்தும் விழுவது அடியில் குவியும். 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் நான்கே மாதத்தில் ஜப்பான் பள்ளத்தில் 7,000 மீட்டருக்கும் கீழே சீசியம்-134 கிடைத்தது. கரைந்து நிற்கும் என்று பெயர் வாங்கிய அதே சீசியம்.

எண்ணெய் மிதக்கும் என்று நம்புவது இயல்பு. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் 1,500 மீட்டர் ஆழத்துக் கடலடியில் எண்ணெய்க் கிணறு உடைந்து 87 நாள் பீறிட்டபோது, மேலே வந்த எண்ணெயில் ஒரு பகுதி பாசிச் சளியோடு சேர்ந்து பனியாகிக் கீழே திரும்பியது. மேலே வராமலே ஆழத்தில் மேகமாகத் தங்கிய பகுதி சுமார் 3,200 சதுர கிலோமீட்டர் கடலடியில் படிந்ததாக 2014இல் வாலன்டைன் குழு மதிப்பிட்டது.

மிதக்கும் பிளாஸ்டிக்கின் கதையும் அதுவே. அதே 2014இல் லூசி வுடால் குழு, ஆழ்கடற்படிவின் நுண்ணிழைகள், அதே கன அளவில், மாசுற்ற மேற்பரப்பு நீரில் இருப்பதைவிட 10,000 மடங்கு வரை அதிகம் என்று கண்டது. 2020இல் இயன் கேன் குழு திர்ரேனியக் கடலில் ஒரு சதுர மீட்டரில், 5 சென்டிமீட்டர் படிவுக்குள், 19 லட்சம் துணுக்குகள் வரை எண்ணியது. பெரும்பாலானவை துணி இழைகள். நாம் துவைத்த ஆடைகளிலிருந்து உதிர்பவை. அவை மேலிருந்து விழுந்த இடத்திலேயே கிடக்கவில்லை. கடலடியில் ஓடும் மந்தமான நீரோட்டம் அவற்றைக் காற்று மணலைக் குவிப்பதுபோல் சில இடங்களில் சேர்த்திருந்தது. அடித்தள உயிர்களுக்கு ஆக்சிஜனும் இரையும் கொண்டுவருவதும் அதே நீரோட்டம்தான். எங்கே உயிர் செழிக்க முடியுமோ அங்கேயே இழையும் குவிகிறது.

அதற்கு நான்காண்டு முன்பே, 2016இல், நடு அட்லாண்டிக்கிலும் தென்மேற்கு இந்தியப் பெருங்கடலிலும் 300 முதல் 1,800 மீட்டர் ஆழம்வரை எடுத்த உயிரிகளை ஒரு பிரித்தானியக் குழு அறுத்துப் பார்த்திருந்தது. பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் அவற்றின் உடலில் இருந்தன. அந்த உயிரிகளில் கடல் அட்டையும் ஒன்று.