ஏழையோட மொழியில் ஒரு படம்

'கலைப்படம்' என்ற சொல்லே நம்மை வாசலில் நிறுத்திவைக்கிற சொல்தான். அதற்குத் தனிப் படிப்பு வேணும், பொறுமை வேணும் என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். இத்தாலியப் படம் என்றால் இந்த மிரட்டல் இன்னும் கூடுதல். டூரிங் கொட்டகையில் எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்த ஒருத்தன், பொழுதுபோகாமல் 'சைக்கிள் திருடர்கள்' படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. படம் புரியும்.

வித்தோரியோ தெ சிக்கா 1948ல் எடுத்த படம். போர் முடிந்த ரோம் நகரம். அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டுகிற வேலை கிடைக்குது. சைக்கிள் இருந்தாத்தான் வேலை. சைக்கிளோ அடகுக்கடையில் கிடக்கு. மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவி எடுத்துப்போய் வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். அந்தத் துணிமூட்டையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் அலமாரி மேல ஏறுவான். ஏறிக்கிட்டே இருப்பான். ஊர்ச்சனங்க வைத்த விரிப்பெல்லாம் மேலே மேலே அடுக்கியிருக்கும். வசனம் கிடையாது. அண்டாவையும் குண்டாவையும் வட்டிக்கடையில் வைத்துப் பழகின வீட்டுக்காரர்களுக்கு இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. வேலைக்குப் போன முதல்நாளே சைக்கிள் களவு போகுது.

இந்தப் படங்கள் திடுமென வந்துவிடவில்லை. முசோலினி ஆட்சி 1937ல் சினெசித்தா ஸ்டூடியோவைத் திறந்தது. மாளிகை வீட்டுக் காதலும் வெள்ளைத் தொலைபேசியும்தான் அந்தக் காலத்துப் படங்களில் நிறைய. வட்டாரப் பேச்சுகளை ஒதுக்கி, ஒரே சுத்த இத்தாலிய மொழி என்றது அந்த ஆட்சி. போரில் அது விழுந்தது. சினெசித்தா அகதி முகாம் ஆச்சு. கேமரா தெருவுக்கு வந்தது. ரொஸ்ஸெல்லினியின் 'ரோம், திறந்த நகரம்' 1945ல் வந்தது.

எனக்கு முக்கியமாய்ப் படுவது லுக்கினோ விஸ்கோந்தியின் 'பூமி அதிர்கிறது'. அதுவும் 1948தான். சிசிலித் தீவில் ஆச்சி த்ரெஸ்ஸா என்ற மீனவர் ஊர். நடித்தவர்கள் அந்த ஊர்ச்சனங்களே. காட்சி இன்னது என்று விஸ்கோந்தி சொல்லுவார். இதை உங்க பேச்சில் எப்படிச் சொல்லுவீங்க என்று அவர்களிடமே கேட்பார். அவர்கள் சொன்னது வசனம் ஆச்சு. சிசிலியில் ஏழைகளின் மொழி இத்தாலிய மொழி அல்ல என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டினார்கள். மற்ற இத்தாலியர்களுக்குப் பேச்சு விளங்கவில்லை. மேலே ஓர் இத்தாலியக் குரல் சேர்த்தும் போதாமல், பிறகு வெட்டிச் சுருக்கி, இத்தாலியப் பேச்சு ஒட்டி ஓட்டினார்கள். நம்ம பேச்சை எழுதினால் கொச்சை என்று திருத்திக் கொடுக்கிற தமிழாசிரியர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்!

கதையில் மீன் வியாபாரிகளை எதிர்த்து ந்தோனி வீட்டை ஈடுவைத்துச் சொந்தமாய்த் தொழில் தொடங்குகிறான். புயலில் படகு போகுது, வீடும் போகுது. கடைசியில் அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் போய் நிற்கிறான், சிரிப்பை வாங்கிக்கிட்டு.

ஆனால் ஒன்று கேட்டாகணும். விஸ்கோந்தி மிலான் நகரத்துப் பிரபு குடும்பம், கம்யூனிஸ்ட். அவர் பேர் உலக சினிமா வரலாற்றில் இருக்கு. அந்த மீனவர்களுக்குப் படத்தின் பெயர்ப்பட்டியலில் தனித்தனிப் பேர் இல்லை. மீனவர்கள், கொத்தனார்கள், பெண்கள் என்று மொத்தமாய்ச் சொன்னதோடு சரி. நம் வாழ்க்கையை இரக்கத்தோடு எழுதுகிற மேல்சாதி எழுத்துக்கும் இதே கணக்குத்தான்.

ஆட்சியாளர்களுக்கு இந்த இரக்கமே பொறுக்கவில்லை. தெ சிக்காவின் 'உம்பெர்த்தோ தி' வந்த 1952ல், அமைச்சரவைச் செயலர் அந்த்ரெயோத்தி, இப்படிப்பட்ட படங்களால் நாட்டுக்குக் கெட்டபேர் என்று எழுதினார். அதே 1952ல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் 'சைக்கிள் திருடர்கள்' இங்கே வந்தது. விழா சென்னைக்கும் வந்தது.

அந்தோனியோவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி நிஜமாகவே ஆலைத்தொழிலாளி. ஹாலிவுட்டில் காசு போட முன்வந்த செல்ஸ்னிக், கேரி கிராண்ட் நடிக்கணும் என்றார். தெ சிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. படம் முடிந்ததும் பழைய வேலைக்குத் திரும்பிவிடணும் என்று மஜ்ஜொரானியிடம் உறுதி வாங்கியிருந்தார் தெ சிக்கா. அவரும் திரும்பினார். கொஞ்ச காலத்தில் ஆட்குறைப்பு. சினிமாவில் சம்பாதிச்சவனுக்கு எதுக்கு வேலை என்று பேச்சு. கொத்துவேலைக்குப் போனார், சினிமாவில் சில்லறை வேஷங்கள் கிடைத்தன. 1962ல் பசோலினியின் 'மம்மா ரோமா'வில் ஒரு வேஷம்: ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற நோயாளி. அவரிடமிருந்து ஒரு பையன் ரேடியோவைத் திருடுவான். 1983ல் ரோமில் இறந்தார்.