சரக்குக் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ்களும் ஆவணங்களும்

சரக்குக் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் என்பவை, பன்னாட்டுப் பயணம் செல்லும் வணிகக் கப்பல் எப்போதும் தன்னிடம் வைத்திருக்க வேண்டிய சட்டபூர்வ ஆவணங்கள். கப்பலின் உடல், கருவிகள், பணியாளர், சரக்கு, கழிவு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தாள் உண்டு. விதிகளை வகுப்பது ஐக்கிய நாடுகள் அவையைச் சேர்ந்த சர்வதேசக் கடல்சார் அமைப்பு. மாலுமிகளின் வேலைநிலைமை மட்டும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பொறுப்பு. சான்றிதழ் தரும் அதிகாரம் கப்பல் பதிவாகியுள்ள கொடி நாட்டுக்கே உரியது. இந்தியாவில் அது மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்; அதன் கீழ் சென்னை போன்ற துறைமுக நகரங்களில் வணிகக் கடல்துறை அலுவலகங்கள் இயங்குகின்றன.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. அளவுக்கு மீறிச் சுமையேற்றிய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கிக்கொண்டிருந்த காலத்தில், சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடி 1876-ல் சுமைக்கோட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது அதன் தாள்களில் குறையில்லை. உயிர்காப்புப் படகுகளைக் கப்பலின் டன் கணக்கில் நிர்ணயித்த அன்றைய பிரிட்டிஷ் விதி, 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் அடக்கியிருந்தது. 46,000 டன் கப்பல் அந்த விதி கேட்டதைவிட அதிகமான படகுகளோடுதான் புறப்பட்டது. ஏறியிருந்தவர்களில் பாதிப்பேருக்கு மட்டுமே இடம் இருந்தது. அதன் விளைவாக 1914-ல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் உடன்படிக்கை உருவானது. சோலாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதன் 1974-ஆம் ஆண்டு வடிவம், பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது.

மூன்று அடிப்படைச் சான்றிதழ்கள்

சோலாஸ் கேட்பவற்றில் முதன்மையானவை மூன்று: கட்டுமானப் பாதுகாப்புச் சான்றிதழ், கருவிப் பாதுகாப்புச் சான்றிதழ், வானொலிப் பாதுகாப்புச் சான்றிதழ். முதல் இரண்டும் 500 மொத்த டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு. வானொலிச் சான்றிதழ் 300-லிருந்தே தேவை. கட்டுமானச் சான்றிதழ் கப்பலின் கூடு, இயந்திரங்கள், மின்னமைப்பு ஆகியவற்றைப் பற்றியது. கருவிச் சான்றிதழோடு ‘ஃபார்ம் ஈ’ என்ற பட்டியல் இணைந்திருக்கும். படகுகள் எத்தனை, மிதவைத் தெப்பங்களில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை உயிர்காப்புச் சட்டைகள் என்பதெல்லாம் அதில் எண்ணிக்கையோடு இருக்கும். வானொலிச் சான்றிதழுக்குத் துணை ‘ஃபார்ம் ஆர்’. மூன்றையும் சேர்த்து ஒரே சான்றிதழாகத் தரவும் 1988-ஆம் ஆண்டு நெறிமுறை இடம் தருகிறது. ஏதாவது ஒரு விதியிலிருந்து கப்பலுக்கு விலக்கு தரப்பட்டிருந்தால், அதற்கும் தனியே ஒரு விலக்குச் சான்றிதழ் இருக்க வேண்டும்.

இவற்றின் ஆயுள் அதிகபட்சம் ஐந்தாண்டு. ஆனால் வாங்கி வைத்துவிட்டால் ஐந்தாண்டும் செல்லும் என்று அர்த்தமில்லை. ஒவ்வோர் ஆண்டும் குறித்த தேதிக்கு மூன்று மாதம் முன்போ பின்போ ஒரு சர்வேயர் வந்து பார்த்து, சான்றிதழின் பின்பக்கத்தில் கையெழுத்தும் முத்திரையும் இட வேண்டும். அது விட்டுப்போனால், முன்பக்கத்தில் எந்தத் தேதி இருந்தாலும் சான்றிதழ் செல்லாது. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் இடைநிலைச் சோதனை உண்டு. கப்பலின் அடிப்பாகத்தை ஐந்தாண்டில் இருமுறை பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 36 மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. நடுக்கடலில் தேதி முடிந்துவிட்டால், சோதனை நடக்கவேண்டிய துறைமுகம் வரை போய்ச் சேர்வதற்காக மட்டும் கொடி நாடு மூன்று மாதம் வரை நீட்டிப்புத் தரலாம்.

சுமைக்கோடு

1966-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலுக்குச் சுமைக்கோட்டுச் சான்றிதழ் கட்டாயம். தாளில் எழுதியதைக் கரையில் நிற்பவரும் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய அபூர்வமான சான்றிதழ் இது. கப்பலின் இருபுறமும் நட்டநடுவில் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையம். அதன் மையத்தைத் தொட்டபடி 450 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கிடைக்கோடு. வளையத்தின் இருபக்கமும் அளவை நிர்ணயித்த நிறுவனத்தின் எழுத்துகள். பக்கத்தில் ஏணிப்படிபோல் சிறு கோடுகள்: நன்னீர், வெப்பமண்டலம், கோடை, குளிர்காலம், வட அட்லாண்டிக்கின் குளிர்காலம் என்று. வெப்பமண்டலக் கடலில் கப்பல் கொஞ்சம் கூடுதலாக அமிழலாம். குளிர்கால வட அட்லாண்டிக்கில் அந்தச் சலுகை கிடையாது. பெயிண்ட் உரிந்தாலும் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காக இக்குறிகள் தகட்டிலேயே நிரந்தரமாகப் பொறிக்கப்படுகின்றன.

ஆட்களும் நிர்வாகமும்

குறைந்தபட்சப் பாதுகாப்புப் பணியாளர் ஆவணம், கப்பல் ஓட எந்தத் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்கிறது. கணக்குப் பார்க்கும் முதலாளிகளின் கையில் இந்தக் குறைந்தபட்சமே அதிகபட்சமாகிவிடுகிறது. ஆகவே இதோடு ஓய்வுநேரப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி. ஒவ்வோர் அதிகாரியின் தகுதிச் சான்றிதழ், கொடி நாடு அதற்கு அளித்த ஒப்புதல், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் அசலாக இருக்க வேண்டும்.

1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஜீப்ரூகே துறைமுகத்துக்கு வெளியே ‘ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற பயணிக் கப்பல் முன்கதவைத் திறந்தபடியே புறப்பட்டுக் கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். விசாரணையில் குற்றம் கப்பலோடு நிற்காமல் கம்பெனியின் நிர்வாக அறை வரை போனது. அதிலிருந்து பிறந்த பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பு 1998-ல் டேங்கர்களுக்கும் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கும், 2002-ல் மற்றச் சரக்குக் கப்பல்களுக்கும் கட்டாயமானது. இதன்படி கம்பெனிக்கு ஒரு இணக்க ஆவணமும் கப்பலுக்கு ஒரு பாதுகாப்பு நிர்வாகச் சான்றிதழும் தேவை. கம்பெனியின் தாள் செல்லாமல் போனால் கப்பலின் தாளும் செல்லாது.

2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு, 2004 ஜூலை 1 முதல் கப்பல் காவல் சான்றிதழும் சேர்ந்தது. அதே நாளில் கட்டாயமான தொடர் சுருக்கப் பதிவு அதிகம் பேசப்படாத, ஆனால் மிகப் பயனுள்ள ஆவணம். கப்பலின் பெயர், கொடி, உரிமையாளர், சோதிக்கும் வகைப்பாட்டுச் சங்கம் மாறும்போதெல்லாம் அதில் புதிய தாள் சேரும். பழைய தாள்களை நீக்க முடியாது. விற்றாலும் பெயரை அழித்து வேறு எழுதினாலும் கப்பலின் பழைய வரலாறு கூடவே வரும். இவற்றுக்கு மேல், 2013-ல் அமலான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் சான்றிதழ் ஊதியம், உணவு, தங்குமிடம், ஒப்பந்தம் ஆகியவற்றுக்குப் பொறுப்பு. முதலாளி கப்பலையும் ஆட்களையும் கைவிட்டால் நான்கு மாதச் சம்பளம் வரை கிடைக்க நிதிப் பிணைச் சான்று வேண்டும் என்ற திருத்தம் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தச் சான்று மாலுமிகளின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணெய்ப் பதிவேடு

மாசுத் தடுப்புக்கான மார்போல் உடன்படிக்கை எண்ணெய், கழிவுநீர், புகை, எரிசக்தித் திறன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்றிதழ் கேட்கிறது. எண்ணெய்ச் சான்றிதழ் டேங்கர்களுக்கு 150 டன்னேஜிலிருந்தும் மற்றவற்றுக்கு 400-லிருந்தும் தேவை. இந்தக் குடும்பத்தில் அதிகம் பேரைச் சிறைக்கு அனுப்பியது சான்றிதழ் அல்ல, ஒரு நோட்டுப் புத்தகம்.

இயந்திர அறையின் அடியில் எண்ணெய் கலந்த நீர் சேர்ந்துகொண்டே இருக்கும். பிரிப்பான் வழியாகச் செலுத்தி, பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாத நீரை மட்டுமே கடலில் விடலாம். எப்போது, எங்கே, எவ்வளவு விட்டார்கள், எந்தத் தொட்டியிலிருந்து எதற்கு மாற்றினார்கள், எவ்வளவு எரித்தார்கள் என்பதையெல்லாம் எழுத்தும் எண்ணுமான குறியீட்டில் எழுதி, பொறுப்பான அதிகாரி ஒவ்வொரு பதிவுக்கும் கையெழுத்திட வேண்டும். பக்கம் நிறைந்ததும் கேப்டன் கையெழுத்திடுவார். கடைசிப் பதிவிலிருந்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். பிரிப்பானைச் சுற்றிக்கொண்டு நேரே கடலுக்குப் போகும் திருட்டு இணைப்பை மாலுமிகள் ‘மேஜிக் பைப்’ என்பார்கள். அது நடுக்கடலில் நடப்பதால் பிடிப்பது கடினம். அமெரிக்கா வேறு வழியில் வந்தது: கழிவை எங்கே கொட்டினாய் என்பதைவிட, பொய்ப் பதிவேட்டை எங்கள் துறைமுகத்துக்கு ஏன் கொண்டுவந்தாய் என்று வழக்குப் போட்டது. தகவல் கொடுத்த மாலுமிக்கு அபராதத்தில் பாதி வரை தரலாம் என்கிறது அந்நாட்டின் 1980-ஆம் ஆண்டுச் சட்டம். தேர்ந்த ஆய்வாளர் பதிவேட்டைத் தனியாகப் படிப்பதில்லை. எரிகலன் மணிக்கு எத்தனை லிட்டர் எரிக்கும் என்று பார்த்து, எரித்ததாக எழுதிய அளவை அந்த நேரத்துக்குள் எரிக்க முடியுமா என்று கணக்குப் போடுவார்.

சரக்கைப் பொறுத்த ஆவணங்கள்

தானியம் ஏற்றினால் தானிய அங்கீகார ஆவணம், ரசாயன, எரிவாயுக் கப்பல்களுக்குத் தகுதிச் சான்றிதழ், ஆபத்தான சரக்கு இருந்தால் அதன் விவரப் பட்டியல் என்று இப்பிரிவு நீளும். எல்லாக் கப்பலிலும் நிலைத்தன்மைக் கையேடும், திரவச் சரக்கோ மொத்தச் சரக்கோ மட்டும் ஏற்றாத கப்பல்களில் சரக்கைக் கட்டும் முறைக்கான கையேடும் இருக்கும்.

இரும்புத் தாது துகள் போன்ற சரக்குக்கு ஈரப்பத அளவுச் சான்று கேட்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. ஈரம் எல்லை மீறினால், அலையாட்டத்தில் அந்தத் துகள் குழம்பாகி ஒரு பக்கம் சரிந்து கப்பலைக் கவிழ்த்துவிடும். 2009-ல் இந்தியாவிலிருந்து இரும்புத் தாது துகளோடு புறப்பட்ட ‘ஏசியன் ஃபாரஸ்ட்’ மங்களூருக்கு அப்பாலும், ‘பிளாக் ரோஸ்’ பாரதீப்புக்கு அப்பாலும் மூழ்கின. இரண்டும் மழைக்காலத்தில் நடந்தவை.

2021-ல் கொழும்புக்கு அருகே எரிந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ வேறு வகைப் பாடம். 1,486 கொள்கலன்களோடு வந்த அந்தப் புதிய கப்பலில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. ஒரு கொள்கலன் கசிவது முன்பே தெரிந்து, கத்தாரின் ஹமத்திலும் குஜராத்தின் ஹசிராவிலும் இறக்கக் கேட்டார்கள்; இரு இடத்திலும் முடியவில்லை. தாள் உண்மையைத்தான் சொன்னது, அதன்படி செயல்பட இடம் கிடைக்கவில்லை. இலங்கையின் மேற்குக் கரை பிளாஸ்டிக் மணிகளால் மூடிக் கிடந்ததை அப்பகுதி மீனவர்கள் மறக்கமாட்டார்கள்.

கிளாஸ்

நடைமுறையில் பெரும்பாலான சோதனைகளைக் கொடி நாட்டின் சார்பில் வகைப்பாட்டுச் சங்கங்கள் செய்கின்றன. கப்பல்காரர்களின் பேச்சில் இவை வெறும் ‘கிளாஸ்’. லாயிட்ஸ் ரெஜிஸ்டர் இதில் பழையது. 1975-ல் தொடங்கிய இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் நம் நாட்டுடையது. சோதனைக்கான கட்டணத்தைத் தருபவர் கப்பல் உரிமையாளர். இந்த ஏற்பாட்டிலுள்ள முரணை யாரும் முழுதாகத் தீர்த்துவிடவில்லை.

அது வெளிப்பட்ட வழக்கு ‘எரிகா’. 1975-ல் ஜப்பானில் கட்டி, பலமுறை பெயர் மாறி, மால்டா கொடியும் இத்தாலியின் ரினா கிளாஸும் கொண்டிருந்த டேங்கர். டன்கிர்க்கிலிருந்து கனரக எரிபொருள் எண்ணெயோடு இத்தாலிக்குப் போகும் வழியில், 1999 டிசம்பர் 12 அன்று பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அப்பால் இரண்டாக உடைந்தது. இந்திய மாலுமிகள் 26 பேரும் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். ஏறக்குறைய 20,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. சான்றிதழ்கள் எல்லாம் செல்லுபடியில்தான் இருந்தன. சில வாரங்களுக்கு முன்னர்தான் ஆண்டுச் சோதனையும் நடந்திருந்தது. தொட்டிகளின் உட்புறம் துருவால் தேய்ந்திருந்தது. உரிமையாளர், மேலாளர், வாடகைக்கு எடுத்த டோட்டல் நிறுவனம் ஆகியோரோடு சான்றிதழ் தந்த ரினாவும் குற்றவாளி என்ற தீர்ப்பைப் பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2012-ல் உறுதிசெய்தது.

துறைமுக நாட்டின் சோதனை

கொடி நாடு கண்ணை மூடிக்கொண்டாலும் கப்பல் போய் நிற்கும் நாடு பார்க்கலாம். 1978-ல் ‘அமோகோ காடிஸ்’ டேங்கர் இதே பிரிட்டனி கரையில் உடைந்த பிறகு, 1982-ல் ஐரோப்பிய நாடுகள் பாரிஸ் புரிந்துணர்வு ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கான அத்தகைய ஒப்பந்தத்தின் செயலகம் கோவாவில் இருக்கிறது.

செல்லுபடியாகும் சான்றிதழைத் துறைமுக நாடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே சோலாஸின் பொது விதி. கப்பலின் நிலை தாளோடு பொருந்தவில்லை என்று நம்பத் தெளிவான காரணம் இருந்தால் மட்டும் மேலே தோண்டலாம். ஆய்வாளர் கேப்டன் அறையில் கோப்பைப் பார்த்துவிட்டு டெக்கில் ஒரு சுற்று வருவார். மிதவைத் தெப்பத்தைக் கப்பலோடு பிணைத்திருக்கும் கையகலக் கருவி ஒன்று உண்டு. கப்பல் மூழ்கினால் நீரழுத்தத்தில் தானே கயிற்றை வெட்டித் தெப்பத்தை மேலே விடும். ஒருமுறைப் பயன்பாட்டு வகைக்கு ஆயுள் இரண்டாண்டு. காலாவதித் தேதி கருவியிலேயே இருக்கும். அது கடந்திருந்தால், அல்லது உயிர்காப்புப் படகின் எஞ்சின் கிளம்பாவிட்டால், கோப்பிலுள்ள கருவிச் சான்றிதழ் அந்த ஆய்வாளரைத் திருப்திப்படுத்தாது. கடுமையான குறைகள் இருந்தால் சரிசெய்யும்வரை கப்பல் தடுத்து வைக்கப்படும்.

கோப்பில் இல்லாமல் வெளியே இருக்கவேண்டிய ஓர் ஆவணமும் உண்டு: தீயணைப்புத் திட்ட வரைபடம். இதன் ஒரு பிரதி, மழை நீர் புகாத, தெளிவாக அடையாளமிட்ட உறையில் தங்கும் பகுதிக்கு வெளியே இருக்கும். கப்பலை அறியாத கரைத் தீயணைப்பு வீரர்களுக்காக வைத்தது அது.

விதிக்கு வெளியே

போர்க்கப்பல்கள், மீன்பிடிக் கலங்கள், இயந்திரம் இல்லாத கலங்கள், 500 டன்னேஜுக்குக் குறைந்த சரக்குக் கப்பல்கள் ஆகியவற்றைப் பொதுவாகச் சோலாஸ் தொடுவதில்லை. ‘பழமையான கட்டுமானத்தில் அமைந்த மரக்கப்பல்கள்’ என்றும் ஒரு விலக்கு உண்டு. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றி மாலத்தீவுக்குப் போகும் தோணிகள் இந்த இனம். அதனால் தோணியை ஓட்டும் தண்டல் தாளே இல்லாமல் போகலாம் என்றில்லை. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் பாய்மரக் கலங்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, பதிவு, சோதனைச் சான்றிதழ், நீர்மேல் உயரக் குறி ஆகியவற்றை வலியுறுத்தியது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது.

மின்னணுச் சான்றிதழ்கள்

முன்பு அசல் தாள் கப்பலில் இருந்தே ஆக வேண்டியிருந்தது, நகல் செல்லவில்லை. இப்போது பல கொடி நாடுகள் மின்னணுச் சான்றிதழ் தருகின்றன. அதிலுள்ள தனி எண்ணையோ க்யூஆர் குறியீட்டையோ வைத்து, ஆய்வாளர் இணையத்தில் உடனே சரிபார்க்கலாம். போலித் தாள் தயாரிப்பவர்களுக்கு இது தலைவலி. பழைய வழக்கப்படி ஈரமையில் முத்திரையிட்ட தாள்களோடு வரும் கப்பல்களும் குறையவில்லை. ஒரே கோப்பில் இருவகையும் கலந்திருப்பது இன்றைய நிலவரம்.