சித்தூர்க் கச்சேரியும் திருமலைக் கணக்கும்

அயல் மாநிலங்களில் வாழும் நாம் திருப்பதி செல்லும்பொழுது உண்டியலில் காணிக்கை இடுகிறோம். அதற்குக் கணக்குக் கேட்டவர் யார் என்று எண்ணுவதில்லை.

சென்னை அரசாங்கத்தின் 1817-ஆம் ஆண்டு 7-ஆவது ஒழுங்குச் சட்டம், கோயில் மானியங்களையும் பாலங்கள், சத்திரங்கள் முதலியவற்றையும் ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. அந்நாளில் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகர் சித்தூர். ஆகவே திருமலைக் கணக்கும் அங்கிருந்த கலெக்டரின் பார்வைக்கு வந்தது. கோயில் நிர்வாகத்தை வரையறுத்த புரூஸ் விதிகள் 1821-இல் எழுந்தன.

1843-இல் கம்பெனி அரசு விலகிக்கொள்ளவே, பொறுப்பு ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளைச் சேர்ந்தது. தொண்ணூறு ஆண்டுகள் ஒருவர் கையிலிருந்த நிர்வாகம், 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1933-இல் தேவஸ்தானக் குழுவிடம் வந்தது.

கைகள் மாறின; கணக்குக் காட்டும் கடமை மாறவில்லை. காணிக்கை இடும் நாம் அக்கணக்கைக் கேட்டறிவதும் தொண்டேயாகும்.