விலங்கறிஞரும் சிறுவர் நூலும்

சிறுவர்க்கு விலங்குக் கதை கூறுவது தொன்றுதொட்ட வழக்கம். நரி தந்திரம் பேசும். காகம் நீதி உரைக்கும். அவை கதையே என்பதைக் குழந்தையும் அறியும். ஆனால், உண்மை வரலாறு என்று சொல்லிக்கொண்டு வரும் நூலில் கற்பனை புகுந்தால், குழந்தை அதனை எவ்வாறு பிரித்தறியும்? இவ்வினா அமெரிக்க நாட்டில் ஒரு பெரும் சொற்போரையே எழுப்பிற்று.

1898ஆம் ஆண்டில் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் என்பார், தாம் அறிந்த காட்டு விலங்குகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் வரும் ஓநாய்க்கு லோபோ என்று பெயர். கதைகள் யாவும் உண்மையே என அவர் முன்னுரையில் கூறினார். 1903இல் இயற்கை நூலாசிரியர் ஜான் பரோஸ், இது கற்பனையை அறிவியலாகக் காட்டும் செயல் எனக் கண்டித்தார். 1907இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் இத்தகைய எழுத்தைச் சாடினார். சீட்டன் சோர்ந்துவிடவில்லை; சான்றுகளைத் திரட்டி விலங்கியல் பெருநூல்கள் இயற்றினார். 1927இல் அவர் பெற்ற பதக்கம் பரோஸின் பெயரால் நிறுவப்பட்டதே!

1960இல், அந்நாளில் தாங்கனீக்கா எனப்பட்ட நாட்டின் கோம்பே காட்டில் ஜேன் குடால் அம்மையார் ஆராய்ச்சி தொடங்கினார். டேவிட் கிரேபியர்ட் என அவர் பெயரிட்ட சிம்பன்சி, புல்தண்டைக் கறையான் புற்றில் நுழைத்து, அதில் பற்றிய கறையான்களை உண்டதை அவ்வாண்டே கண்டார். மனிதனே கருவி செய்பவன் என்ற கொள்கை ஆட்டங்கண்டது. ஆயினும் கேம்பிரிட்ஜில் அறிஞர் சிலர், விலங்குகட்குப் பெயரிட்டது தவறு, எண்ணிட்டிருக்க வேண்டும் என்றனர்.

அங்ஙனமாயின் சீட்டனின் கதையும் குடாலின் ஆராய்ச்சியும் ஒன்றுதானா? அன்று. சீட்டனின் கதை, விலங்கின் உள்ளத்துள் புகுந்து பேசிற்று. குடாலோ கண்டதை உடனுக்குடன் குறித்து வைத்தார். குற்றம் பெயரில் இல்லை, சான்றின்மையில்தான் உள்ளது.

1988இல் குடால் தம் கோம்பே வாழ்வைச் சிறுவர்க்கெனத் தாமே எழுதினார். 1999இல் சை மாண்ட்கோமரி எழுதிய பாம்பறிஞர் பற்றிய நூல், கனடாவின் மனிட்டோபாவில் பல்லாயிரம் பாம்புகளிடையே ராபர்ட் மேசன் ஆய்வு நடத்தும் முறையைப் புகைப்படங்களுடன் விளக்கிற்று. விலங்கு மட்டுமன்றி, அறிஞரின் உழைப்பும் ஐயமும் பொறுமையும் சிறுவர் நூலுக்குப் பொருளாயின.

இவ்வரலாறு ஆசிரியர்க்கு ஒன்றை உணர்த்துகின்றது. விலங்கு நூலொன்றை மாணவன் கையில் கொடுக்கும்போது, 'யானை என்ன செய்தது?' என்று கேட்பதோடு நிறுத்தலாகாது. 'இவர் இதனை எங்ஙனம் அறிந்தார்?' என்றும் கேட்கப் பழக்குதல் வேண்டும். அக்கேள்வியே அறிவியலின் தொடக்கம்.