கொல்லிப்பாவையும் கோடு திருத்தும் இயந்திரமும்

கொல்லிமலைன்னா 70 கொண்டை ஊசி வளைவு, வல்வில் ஓரி, அப்புறம் கொல்லிப்பாவை. அத்துமீறி வர்றவனைத் தானாகவே சிரித்துக் கொன்றுவிடும் பதுமை என்பது கதை. செத்தவனுக்கு என்ன தப்பு செய்தோம்னே தெரியாது. மாணவர்களின் நிரலைத் திருத்தும் இயந்திரங்களும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தன.

1960-இல் அமெரிக்காவின் ரென்சலர் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த ஜாக் ஹாலிங்ஸ்வொர்த், ஐபிஎம் 650-இல் ஓடும் ஒரு திருத்தியைப் பற்றி எழுதினார். பஞ்ச் கார்டில் நிரலைக் கொடுத்தால் 'விடை தப்பு' அல்லது 'கணக்கு முடிந்தது', ரெண்டே பதில்தான். கூத்து என்னன்னா, மாணவனின் நிரல் அந்தத் திருத்தியையே மாற்றிவிட முடியும் :-)

1988-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 'கெய்லி' வந்தது. விடையோடு நிற்காமல், நிரல் எழுதிய விதத்தையும் சிக்கலையும் அளந்து பார்த்தது.

நிஜமான சோதனை ஆப்ஜெக்ட் ஓரியண்டட் பாடத்தில்தான். சேமிப்புக் கணக்குக்கும் வைப்புக் கணக்குக்கும் வட்டி போடணும்னு வைங்க. ஒரு பொண்ணு 'அக்கவுண்ட்' கிளாஸ் எழுதி, ரெண்டையும் அதிலிருந்து பிரிக்கிறாள். பக்கத்து சீட் பையன் எல்லாத்தையும் மெயினுக்குள் இஃப்-எல்ஸாகத் திணிக்கிறான். விடை ஒண்ணுதான். டெஸ்ட் கேஸ் ரெண்டு பேருக்கும் முழு மார்க் போட்டுடும்! மூணாவதா ஒரு கணக்கு வகை சேர்க்கச் சொன்னாத்தான் பையனுக்கு முழி பிதுங்கும்.

2003 வாக்கில் வெர்ஜினியா டெக்கின் ஸ்டீபன் எட்வர்ட்ஸ் 'வெப்-கேட்'டில் வேறு வழி பிடித்தார். டெஸ்டையும் மாணவர்களே எழுதணும். அது நிரலில் எவ்வளவு பகுதியைத் தொடுதுன்னு இயந்திரம் பார்க்கும். நம்மூரில் ஐஐடி கான்பூரின் அமே கர்கரே குழுவினர் 'புரூட்டர்' செய்தார்கள். அது முதலாமாண்டு சி நிரல்களுக்கு. கிளாஸ் வடிவமைப்பு அதன் வேலை இல்லை.

2022 கடைசியில் வந்த சாட்ஜிபிடி கேட்டால் வடிவமைப்பைப் பற்றியும் பேசும். ஆனா பல நேரம் குறையைச் சொல்லும்போதே திருத்திய நிரலையும் கையில் கொடுத்துடுது. அப்புறம் யோசிக்க என்ன மிச்சம்?

ஒரு லேபில் 60 பேர் இருந்தால் வாத்தியார் ஒவ்வொரு கிளாஸையும் படிக்க முடியாது. இயந்திரம் வேணும்தான். டெஸ்ட் கேஸை அது பார்த்துக்கட்டும். 'இந்த கிளாஸ் எதுக்கு?'ன்னு கேட்க ஒரு ஆள் வேணும். மிச்சமாகும் நேரத்தை வாத்தியார் அதுக்குச் செலவழிக்கணும்.

நமக்குத் தெரியாததா? மாஞ்சு மாஞ்சு எழுதின பதிவுக்கு வெறும் 'ரிப்பீட்டேய்' மட்டும் விழுந்தால், அதுக்குப் பேர் பின்னூட்டமா என்ன?