பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968

பூச்சிமருந்தின் தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் நடுவண் சட்டம். 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்த உணவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததே இதற்குத் தூண்டுகோல். மருந்து டப்பாவிலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நஞ்சின் கடுமையைக் காட்டும்: சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள், நீலம், பச்சை என அது குறையும். மருந்தைக் கையாளும் தொழிலாளருக்குப் பாதுகாப்பு உடை, சுவாசக் கவசம், மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கின்றன 1971ஆம் ஆண்டு விதிகள். ஆனால், தன் சாகுபடி நிலத்தில் ஒருவர் மருந்து பயன்படுத்துவதற்கு 38ஆம் பிரிவு விலக்களிக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் பூந்தோட்டங்களைப் போன்ற இடங்களில், முதுகில் தெளிப்பானைச் சுமப்பவரும் வெறுங்கையால் மொட்டுப் பறிப்பவரும் இதனால்தான் காப்பின்றி நிற்கிறார்கள். இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும்.