பெயரில் நிற்கும் புற்று

1941-இல் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனை நோயியலர்கள் ஃபிராங்க் ஃபுட், ஃபிரெட் ஸ்டூவர்ட் இருவரும், பால்சுரப்பியின் நுண்மடல்களுக்குள் ஒரே சாயலில் நெருக்கியடித்து நிற்கும் செல்களை விவரித்து, 'லோபுலர் கார்சினோமா இன் சிட்டு' என்று பெயரிட்டார்கள். பெயரிலிருந்த 'கார்சினோமா', அதாவது புற்று, என்ற சொல்லே பல பத்தாண்டுகளுக்குச் சிகிச்சையைத் தீர்மானித்தது. மார்பகத்தை எடுத்துவிடுவதுதான் அந்தச் சிகிச்சை.

இந்த நிலையில் கட்டி தட்டுப்படாது. மேமோகிராமிலும் பெரும்பாலும் தெரியாது. வேறெதற்கோ எடுத்த பயாப்ஸியில் தற்செயலாகச் சிக்குகிறது. செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இ-கேடரின் என்ற புரதத்தை இழந்ததால் அவை பிடிப்பற்றுத் தளர்ந்திருக்கின்றன. ஆனாலும் மடலைத் தாண்டி ஊடுருவுவதில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் குஷ்மன் ஹாகன்சன் 1978-இல் இதை 'லோபுலர் நியோப்ளேசியா' என்றழைத்து, கத்தி வேண்டாம், கண்காணிப்பே போதும் என்று வாதிட்டார். அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் புற்றுநிலை வகைப்பாடு தன் 8-ஆம் பதிப்பில் இதைப் புற்றுநோய்ப் பட்டியலிலிருந்தே நீக்கியது. தமிழில் அறிக்கை எழுதுவோரும் 'புற்று' என்ற சொல்லை இங்கே தவிர்ப்பதே நியாயம். அந்தச் சொல்லைப் படித்த பெண்ணுக்கு அதன் பிறகு எந்த விளக்கமும் காதில் ஏறாது.

கண்காணிப்பே போதும் என்பதற்கு வலுவான சான்று, பெயர் பிறந்த அதே மருத்துவமனையிலிருந்துதான் வந்தது. அங்கே 29 ஆண்டுகளில் இந்த நிலை கண்டறியப்பட்ட 1,060 பெண்களைப் பற்றிய ஆய்வு 2015-இல் வெளியானது. இரு மார்பகங்களையும் எடுத்துக்கொண்டவர்கள் 56 பேர். கண்காணிப்பில் இருந்த 1,004 பேரில் 150 பேருக்குப் புற்றுநோய் வந்தது. ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு. அவர்களில் நால்வரில் ஒருவருக்கு அது மறுபக்க மார்பகத்தில் மட்டும் தோன்றியது. அப்படியிருக்க, ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் என்ன பொருள்?

அதே பக்கத்தில்தானே அதிகம் வந்தது என்று கேட்கலாம். உண்மைதான், சில செல்கள் ஆபத்தின் அடையாளமாக மட்டும் நில்லாமல் நோயின் முன்னோடியாகவும் அமைகின்றன. பிளியோமார்ஃபிக் என்னும் உருமாறிய வகையை வெட்டி எடுப்பதும் அதனால்தான். ஆனால் வழக்கமான வகைக்கு மார்பகத்தையே எடுக்க இது காரணமாகாது.

கண்காணிப்பு என்பது ஆண்டுதோறும் மேமோகிராம், மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, சிலருக்கு எம்.ஆர்.ஐ. இவற்றோடு மருந்தும் உண்டு. 13,388 பெண்கள் பங்கேற்று 1998-இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில், இந்த நிலை இருந்தவர்களுக்குத் தமாக்சிஃபென் ஆபத்தை 56 விழுக்காடு குறைத்தது. மெமோரியலின் ஆய்விலும் பத்தாண்டுகளில் புற்றுநோய் வந்தது மருந்து எடுத்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கு, எடுக்காதவர்களில் 21. ஆயினும் எடுத்தவர்கள் 173 பேரே.

இந்த மருந்தால் வரக்கூடிய கருப்பை உட்படலப் புற்று, இரத்த உறைவு ஆகியவை குறித்த அச்சம் பலரைத் தடுக்கிறது. அது பொருளற்ற அச்சமன்று. அதனால்தான் 2019-இல் வெளியான இத்தாலிய ஆய்வு முக்கியமாகிறது. இந்த நிலை உள்ளவர்களும் அடங்கிய 500 பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராமை மூன்றாண்டு கொடுத்துப் பார்த்ததில், மருந்தற்ற போலி மாத்திரை எடுத்த மற்றவர்களோடு ஒப்பிட மார்பக நோய் நிகழ்வுகள் பாதியாகக் குறைந்தன.